எல்லை கடக்கும் பசுவின் ரத்தத்தில்

தொழுத்தில் இரண்டு பசுக்கள். ஒன்று அந்த வீட்டிலேயே பிறந்தது. மற்றது நிறைசினையாகத் தமிழ்நாட்டுப் பக்கம் வாங்கி, களியக்காவிளை வழியாக எல்லை தாண்டி வந்தது. வந்து ஒரு மாதம். ஈன்று பத்து நாள். முந்தாநாள் வரை பத்து லிட்டர் கறந்த மாடு இன்று இரண்டு லிட்டரோடு நிற்கிறது. உடம்பு அனலாகக் கொதிக்கிறது. கீழிமையை விலக்கிப் பார்த்தால் சிவப்பே இல்லை. மூத்திரம் காப்பி நிறத்தில் போகிறது. பக்கத்துக் கட்டுத்தறியில் வீட்டுப் பசு எந்தக் கேடும் இல்லாமல் அசைபோட்டுக்கொண்டிருக்கிறது.

பாறசாலை, செங்கல், காரக்கோணம், வெள்ளறடை என்று நெய்யாற்றின்கரை வட்டாரத்தின் எல்லையோர ஊர்களில் மாடு வளர்ப்பவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. அடுத்து எழும் சச்சரவையும் அவர்கள் அறிவார்கள். வாங்கியவர், நோய் மாட்டைத் தலையில் கட்டிவிட்டதாகத் தரகரைச் சொல்வார். தரகரோ, “என் கையில் நின்ற வரை மாடு செம்மையாத்தானே நின்னுது” என்பார். இரண்டு பேருமே உண்மையைச் சொல்லலாம் என்பதுதான் இந்த நோயின் சிக்கல். புதிய பசு நோயை ரத்தத்தில் ஒளித்துக் கொண்டுவந்திருக்கலாம். நோயே அறியாத பசுவாக வந்து, கொழுகொழுவென்று நிற்கும் பழைய பசுவிடமிருந்து வாங்கியிருக்கலாம். எது நடந்தது என்பதை மாட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. ரத்தத்துக்குள் பார்க்க வேண்டும். அங்கே பார்ப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு.

முதலில், உள்ளே இருப்பது யார் என்று பார்ப்போம். நம் பகுதி மாடுகளின் ரத்தத்தில் குடியேறும் நுண்ணுயிரிகளில் நான்கு முக்கியமானவை. பபேசியா சிவப்பணுவுக்குள் புகுந்து இரண்டிரண்டாகப் பெருகி அணுவை உடைத்து வெளியேறும். உடைந்த அணுக்களின் நிறமிதான் மூத்திரத்தைக் காப்பி நிறமாக்குகிறது. 1888இல் ருமேனியாவில் விக்டர் பாபெஸ் இதை முதலில் கண்டதால் அவர் பெயரே நிலைத்தது. தைலீரியா முதலில் வெள்ளணுக்களைப் பிடிக்கும். அதன் ஓர் இனம் அவற்றைக் கட்டுக்கடங்காமல் பெருகச் செய்வதால் தோள்பட்டைக்கு முன்னால் உள்ள நிணநீர்க் கட்டி புடைத்துக்கொள்ளும். பிறகே சிவப்பணுவுக்குப் போகும். அனப்பிளாஸ்மா ஒட்டுண்ணி வகையே இல்லை, அது ஒரு பாக்டீரியா. ஆனாலும் சிவப்பணுவுக்குள் வாழ்வதால் இந்த வரிசையில் சேர்த்துப் பேசுகிறோம். இது அணுவை ரத்தக்குழாயிலேயே உடைப்பதில்லை. மண்ணீரல்தான் தொற்றிய அணுக்களைப் பிடித்து அழிக்கிறது. அதனால் மூத்திரம் சிவக்காது, மஞ்சள் காமாலை காணும். நான்காவது, சர்ரா நோயைத் தரும் டிரிப்பனோசோமா. இது அணுவுக்குள் புகாமல் ரத்தத்தில் நீந்தித் திரியும். 1880இல் அன்றைய பஞ்சாபின் தேரா இஸ்மாயில் கானில் குதிரைகள், ஒட்டகங்களின் ரத்தத்தில் இதைக் கண்டவர் கிரிஃபித் எவன்ஸ்.

முதல் மூன்றையும் பரப்புவது பெரும்பாலும் உண்ணி. கடிக்கும் மாட்டு ஈக்கள் சர்ராவைப் பரப்பும், அனப்பிளாஸ்மாவையும் கொண்டுபோகும். ஒரு மாட்டுக்குக் குத்திய ஊசியைக் கழுவாமல் அடுத்த மாட்டுக்குக் குத்தினால் அந்த ஊசியும் அதே வேலையைச் செய்யும். உண்ணிதான் காரணம் என்று அறிந்த கதையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுவும் ஓர் எல்லைக் கதை.

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் டெக்சாஸிலிருந்து வடக்கே மாட்டு மந்தைகளை ஓட்டிச் செல்வார்கள். தென்மாடுகள் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும். அவை நடந்துபோன புல்வெளியில் சில வாரம் கழித்து மேய்ந்த வடநாட்டு மாடுகள் பபேசியா நோயால் கூட்டங்கூட்டமாகச் செத்தன. உண்ணியால்தான் இது வருகிறது என்று மாட்டுக்காரர்கள் சிலர் சொன்னபோது படித்தவர்கள் கேட்கவில்லை. ஆய்வாளர்கள் தியோபால்டு ஸ்மித்தும் ஃபிரடெரிக் கில்போர்னும் கேட்டார்கள். ஓர் அடைப்பில் உண்ணியோடு கூடிய தென்மாடுகளை வடமாடுகளோடு விட்டார்கள், வடமாடுகள் நோயுற்றன. இன்னோர் அடைப்பில் தென்மாடுகளின் உடம்பிலிருந்து உண்ணிகளைக் கையாலேயே பொறுக்கி நீக்கிவிட்டுச் சேர்த்தார்கள், நோய் வரவில்லை. தென்மாடே இல்லாத நிலத்தில் உண்ணிகளை மட்டும் தூவினார்கள், நோய் வந்தது. தாய் உண்ணி இட்ட முட்டையிலிருந்து ஆய்வகத்தில் பொரித்த குஞ்சுகளை விட்டபோதும் வந்தது. 1893இல் வெளியான இந்த ஆய்வுதான், கணுக்காலி இனத்தைச் சேர்ந்த ஓர் உயிர் நோயைக் கொண்டுசெல்லும் என்பதற்குப் பாலூட்டி நோய்களில் கிடைத்த முதல் உறுதியான சான்றுகளில் ஒன்று. செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாவைக் கண்டது அதற்கு நான்கு ஆண்டு பிந்தி.

அந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது உண்ணி கூட இல்லை. நலமாக நின்ற அந்தத் தென்மாடுகள்தான். ஒரு நோயும் காட்டாமல், நோயை நூற்றுக்கணக்கான மைல் சுமந்து போயின. இப்படிப்பட்ட விலங்கை நோய்சுமப்பி என்போம். சிறு வயதில் தொற்று வந்து, உடம்பு அதோடு போராடி, முழுதாக ஒழிக்காமல் ஒரு கட்டுக்குள் வைத்துக்கொண்ட நிலை அது. அதன் ரத்தத்தில் இருப்பது மறைதொற்று.

உடம்பு அதை ஏன் முழுதாக ஒழிக்கவில்லை? அனப்பிளாஸ்மா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மாட்டின் தற்காப்பு அமைப்பு இந்தக் கிருமியின் மேற்பரப்பில் உள்ள ஒரு புரதத்தை அடையாளம் வைத்துத்தான் தாக்குகிறது. கிருமியின் சந்ததியில் சில அந்தப் புரதத்தின் அமைப்பை மாற்றிக்கொள்கின்றன. பழைய அடையாளத்தைத் தேடும் தற்காப்புப் படை புதியவற்றை விட்டுவிடும், அவை பெருகும், உடம்பு புதிய அடையாளத்தைக் கற்று அவற்றை அடக்கும், அதற்குள் இன்னொரு மாற்றம் வந்திருக்கும். இதனால் கிருமியின் எண்ணிக்கை ஏறக்குறைய ஐந்து வாரத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும். இறக்கத்தில் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் சில நூறு. ஏற்றத்தில் ஒரு கோடி வரை. மாடு சாகும் வரை இந்த ஏற்ற இறக்கம் தொடரக்கூடும். கன்று ஈனும் அழுத்தம், நீண்ட வண்டிப் பயணம், தீனிக் குறைவு, வேறொரு நோய் என்று தற்காப்பு தளரும் நேரத்தில் மறைதொற்று நோயாக வெளிப்படலாம். எல்லை தாண்டி வாங்கும் சினைமாட்டுக்கு இதில் இரண்டு மூன்று ஒரே மாதத்தில் வாய்த்துவிடுகின்றன.

இனி, பார்ப்பதன் கணக்கு. நூறாண்டுக்கு மேலாக நம்மிடம் இருக்கும் வழி ரத்தப்பூச்சு. காது ரத்தக்குழாயில் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடிச் சில்லில் மெல்லிய படலமாக இழுத்து, மெத்தனாலில் நிலைப்படுத்தி, கீம்சா சாயத்தில் ஊறவிட்டு, ஆயிரம் மடங்கு பெரிதாக்கும் நுண்ணோக்கியில் பார்ப்பது. ஹாம்பர்க் நகரத்து வேதியியலாளர் குஸ்டாவ் கீம்சா 1904இல் செம்மைப்படுத்திய அந்தச் சாயம் அணுவை இளஞ்சிவப்பாகவும், ஒட்டுண்ணியின் மரபுப்பொருளை ஊதாவாகவும் காட்டும். பபேசியா இரண்டு பேரிக்காய் நுனி சேர்ந்த வடிவில் தெரியும். தைலீரியா சிறு மோதிரமாக, காற்புள்ளியாகத் தெரியும். அனப்பிளாஸ்மா அணுவின் ஓரத்தில் ஒரு கரும்புள்ளி மட்டுமே. விட்டம் ஒரு மைக்ரானைத் தாண்டாது. சாயத்தூசியும் அதே அளவில் அதே நிறத்தில் படியும் என்பதால் பழகிய கண்ணும் அங்கே தடுமாறும்.

காய்ச்சல் உச்சத்தில் இருக்கும் மாட்டுக்கு இந்த வழி அருமையானது. செலவு குறைவு, அரை மணியில் விடை, நூறு அணுவில் ஒன்றிரண்டு பாதிக்கப்பட்டிருந்தாலே தப்பாது. கொடுக்க வேண்டிய மருந்தும் ஒவ்வொன்றுக்கும் வேறு: தைலீரியாவுக்கு புபார்வாகுவோன், பபேசியாவுக்கு டிமினசீன் அல்லது இமிடோகார்ப், அனப்பிளாஸ்மாவுக்கு டெட்ராசைக்ளின். அதனால் முதல் ஊசி போடும் முன் பூச்சு எடுத்துவிட வேண்டும். மருந்து உள்ளே போனபின் எடுத்த பூச்சில் ஒட்டுண்ணி குறைந்துவிடும். அப்புறம் எது நோய் என்று தெரியாமலே சிகிச்சை போகும்.

சுமப்பி மாட்டில் நிலைமை வேறு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். சோறு வெந்ததா என்று அறிய அது சரி, எல்லாப் பருக்கையும் ஒன்றுபோல் வெந்திருக்கும். அந்தப் பானையில் எங்கோ ஒரு கல் கிடக்கிறதா என்று கேட்டால் ஒரு பருக்கை என்ன, ஒரு கைப்பிடியும் விடை சொல்லாது. எண்களை வைத்தே பார்ப்போம். 400 கிலோ எடையுள்ள பசுவுக்கு ஏறக்குறைய 23 லிட்டர் ரத்தம் இருக்கும். ஒரு மில்லிலிட்டரில் சுமார் 600 கோடி சிவப்பணு. நுண்ணோக்கியில் ஒரு பார்வைப் புலத்தில் 200 அணு தெரிகிறது என்று கொண்டால், பொறுமையாக 100 புலம் பார்ப்பவர் 20,000 அணுக்களைப் பார்த்திருப்பார். லட்சத்தில் ஓர் அணுவில் ஒட்டுண்ணி உள்ள பசு என்று வையுங்கள். அப்படிப்பட்ட ஐந்து பசுக்களின் பூச்சைப் பார்த்தால் சராசரியாக ஒன்றில்தான் ஒரே ஓர் அணு கண்ணில் படும். மற்ற நான்குக்கும் ‘காணப்படவில்லை’ என்றே அறிக்கை வரும். ஆய்வாளர் செய்தது எல்லாம் சரி, அறிக்கையும் பொய்யில்லை. ஆனால் அந்த நான்கு பசுக்களில் ஒவ்வொன்றின் உடம்பிலும் தொற்றிய சிவப்பணுக்கள் சுமார் 140 கோடி இருக்கும், இந்தியாவின் மக்கள்தொகை அளவுக்கு. அதில் ஒரு சொட்டைக் குடிக்கும் உண்ணிக்கு அது தாராளம்.

முன்பு இதை உறுதியாக அறிய இருந்த வழி இது: மண்ணீரல் நீக்கப்பட்ட கன்றுக்குச் சந்தேக மாட்டின் ரத்தத்தை ஏற்றிப் பார்ப்பது. வடிகட்டும் உறுப்பு இல்லாத கன்றில் சில ஒட்டுண்ணிகளே பெருகி நோயாக வெளிப்பட்டுவிடும். துல்லியமான வழி, ஆனால் விலை ஓர் உயிர்.

இன்றைக்கு அந்தக் கன்றின் வேலையைச் சோதனைக்குழாய் செய்கிறது. ஒவ்வோர் உயிருக்கும் தனக்கே உரிய டி.என்.ஏ. வரிசை உண்டு. பபேசியாவிடம் மட்டும் உள்ள, மாட்டிடம் இல்லாத ஒரு சிறு பகுதியைத் தேர்ந்து, அதன் இரு முனைகளிலும் போய் ஒட்டும் தொடக்கித் துணுக்குகளைச் செயற்கையாகச் செய்துகொள்கிறார்கள். ரத்தத்திலிருந்து பிரித்த டி.என்.ஏ.யோடு இவற்றையும், டி.என்.ஏ.யைப் படியெடுக்கும் பாலிமரேஸ் என்ற நொதியையும் கலந்து, சூடாக்கி ஆற்றி, மீண்டும் சூடாக்கி ஆற்றுகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பகுதி மட்டும் இரட்டிக்கும். முப்பது சுற்றில் ஒன்று நூறு கோடிக்கு மேல் ஆகும். இதுவே பாலிமரேஸ் சங்கிலி வினை. கொரோனா காலத்துக்குப் பின் பி.சி.ஆர். என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். பானையில் கல்லைத் தேடிக் களைத்த நாம், கல் இருந்தால் அதை மட்டும் கோடிக்கணக்கில் பெருக்கிவிடும் உபாயத்தைக் கண்டுகொண்டோம்.

இதற்கும் எல்லை உண்டு, அதையும் எண்ணிவிடலாம். கால் மில்லிலிட்டருக்கும் குறைவாக, 200 மைக்ரோலிட்டர் ரத்தம் எடுத்தால் அதில் 120 கோடி சிவப்பணு. கோடியில் ஒன்று தொற்றியது என்றால் 120 அணு உள்ளே வந்துவிட்டன. பிரித்தெடுத்த டி.என்.ஏ.யில் ஐம்பதில் ஒரு பங்கைத்தான் வினைக்குழாயில் விடுகிறோம் என்றால், அதில் இரண்டு அணுவின் மரபுப்பொருள் இருக்கும். பிடித்துவிடலாம். இன்னும் பத்து மடங்கு குறைந்தால் அதுவும் கைநழுவும். அனப்பிளாஸ்மாவின் ஐந்து வார இறக்கத்தில் எடுத்த ரத்தம் இப்படித் தவறக்கூடும். எதிர்ப்புறமும் ஓர் ஆபத்து: இவ்வளவு கூர்மையான சோதனைக்கு முந்தைய மாதிரியின் ஒரு துளித் தூசி பட்டாலே இல்லாத நோய் இருப்பதாகத் தெரியும். அதனால் நல்ல ஆய்வகத்தில் ஒவ்வொரு தடவையும் வெறும் தண்ணீர் விட்ட குழாய் ஒன்றும், நோய் உண்டு என்று உறுதியாகத் தெரிந்த மாதிரி ஒன்றும் கூடவே ஓடும். தண்ணீர்க்குழாய் ‘உண்டு’ என்றால் அன்றைய முடிவுகள் அத்தனையும் குப்பைக்கூடைக்கு.

எலிசா என்ற இன்னொரு வழி கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடம்பு செய்த எதிர்ப்புரதத்தைத் தேடுகிறது. ஒரு மந்தையில் எத்தனை மாடு இந்த நோயைச் சந்தித்திருக்கிறது என்று அறிய இது மலிவான, நல்ல கருவி. ஆனால் சீம்பால் குடித்த கன்றின் ரத்தத்திலும் தாயின் எதிர்ப்புரதம் இருக்கும். நோயிலிருந்து முழுதாக விடுபட்ட மாட்டிலும் பல மாதம் இருக்கும். இன்று உள்ளே கிருமி உண்டா என்ற கேள்விக்கு இதை மட்டும் நம்பக்கூடாது.

கேரளத்தில் இந்தக் கருவிகள் காட்டியவை கவனிக்கத்தக்கவை. வடகேரளத்து மாடுகளில் செய்த ஆய்வுகளில் ரத்தப்பூச்சில் அபூர்வமாகத் தெரிந்த பபேசியா, பி.சி.ஆரில் பல மடங்கு கூடுதலாக வெளிப்பட்டது. தைலீரியா ஓரியன்டாலிஸ் என்ற இனத்தைப் பற்றி அது அவ்வளவாகத் தீங்கு செய்யாது என்றே நெடுங்காலம் பாடம் சொல்லிவந்தோம். வயநாட்டுக் கலப்பின மாடுகளின் சாவுக்கு அதுவே காரணம் என்று மரபணுச் சான்றோடு 2011இல் வெளியிடப்பட்டது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அதே இனத்தின் ஒரு வகை ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான் பண்ணைகளைத் தாக்கியது. 1963இல் மாட்டுப்பட்டியில் தொடங்கிய இந்திய-சுவிஸ் திட்டம் பிரவுன் சுவிஸ் காளைகளைக் கொண்டு சுனந்தினி என்ற கலப்பினத்தை உருவாக்கிக் கேரளத்தின் பாலைப் பெருக்கியது. அந்த ரத்தத்துக்கு உண்ணிக் காய்ச்சலைத் தாங்கும் வலிமை நாட்டு மாட்டைவிடக் குறைவு. பால் கூடக்கூட இந்தச் சோதனைகளின் தேவையும் கூடுகிறது.

அப்படியானால் எல்லா மாட்டையும் சோதித்து, ‘உண்டு’ என்று வந்த மாட்டுக்கெல்லாம் மருந்து கொடுத்துவிடலாமே? இந்த இடத்தில்தான் அவசரப்படக்கூடாது. பபேசியாவும் அனப்பிளாஸ்மாவும் கன்றுகளைப் பெரிதாக வருத்துவதில்லை. ஏறக்குறைய ஒன்பது மாதத்துக்குள் தொற்று வந்தால் லேசான காய்ச்சலோடு போய், மறைதொற்றாகத் தங்கி, அதுவே பிற்காலத்துக்குக் காப்பாகிறது. முதல் தொற்று வளர்ந்த பசுவுக்கு வந்தால்தான் உயிருக்கு ஆபத்து. ஆகவே உண்ணி நிறைந்த ஊரில் பிறந்து வளர்ந்த வீட்டுப் பசுவின் ரத்தத்தில் பி.சி.ஆர். எதையாவது காட்டினால், அதுவே அந்தப் பசு நலமாக நிற்பதற்குக் காரணமாக இருக்கலாம். காய்ச்சல் இல்லை, ரத்தசோகை இல்லை, பால் குறையவில்லை என்றால் மருந்து கொடுத்து அந்தச் சமநிலையைக் கலைப்பது சரியா என்பதை மருத்துவர் மாட்டைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். மருந்துக்குப் பின் சில நாள் பாலை ஊற்ற முடியாது என்ற இழப்பும் உண்டு.

இப்போது அந்த இரண்டு பசுக்களிடம் வரலாம். எல்லை தாண்டிய மூன்றாம் நான்காம் நாளே காய்ச்சல் கண்டிருந்தால் நோய் கூடவே வந்தது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். ஒரு மாதம் கழித்து என்றால் தொழுத்தையும் சந்தேகிக்க வேண்டும். கேரளத்து மாடுகளில் மிகுதியாகக் காணும் ரிபிசெபாலஸ் அன்னுலேட்டஸ் என்ற உண்ணி, குஞ்சாக ஏறிய மாட்டிலேயே வளர்ந்து, ரத்தம் குடித்துப் பருத்துக் கீழே விழுந்து, சுவர் விரிசலிலோ சாணக்குழி ஓரத்திலோ இரண்டாயிரத்துக்கும் மேல் முட்டையிடும். சுமப்பி மாட்டில் குடித்த தாய் உண்ணி பபேசியாவை முட்டைக்குள்ளேயே வைத்து அனுப்பும். புதிய பசு வந்த அன்றே அந்தக் குஞ்சுகள் ஏறினால், அவை வளர்ந்து கிருமியை இறக்க ஒன்றரை வாரம், நோய் வெளிப்பட இன்னும் ஒன்றிரண்டு வாரம். கணக்கு ஒரு மாதத்தை நெருங்கிவிடும். அனப்பிளாஸ்மா என்றால் தொற்றுக்கும் நோய்க்கும் இடையிலேயே ஒரு மாதம் போகும்.

வாங்கிய நாளில் எடுத்து வைத்த ரத்தம் இருந்தால் இந்த வழக்குத் தீர்ந்திருக்கும். பாறசாலையில் கால்நடைத் துறையின் சோதனைச்சாவடி இருக்கிறது; அங்கே சான்றிதழையும் மாட்டின் தோற்றத்தையும் பார்க்க முடியும், லட்சத்தில் ஒன்றான அணுவைப் பார்க்க முடியாது. நோயறியும் ஆய்வு வசதி அதே திருவனந்தபுரம் மாவட்டத்தின் பாலோட்டில், மாநில விலங்கு நோய் நிறுவனத்தில் உள்ளது. உறையாதபடி மருந்து பூசிய குழாயில் இரண்டு மில்லிலிட்டர் ரத்தம் எடுத்து, பனிக்கட்டியோடு அனுப்ப மருத்துவரின் கால் மணி நேரம் போதும். ஒரு பசுவின் விலையைப் பார்க்கும்போது இந்தச் செலவு பெரிதில்லை. பால் சங்கங்கள் இதைப் பொதுச்செலவில் முன்னெடுக்க வேண்டும் என்று நான் அழுத்தமாகவே சொல்வேன். நோய்மாடு ஒருவருடையது என்றாலும் உண்ணி ஊருக்குப் பொது.

அறுபது பாகைக்குச் சற்று மேலான ஒரே வெப்பத்தில் டி.என்.ஏ.யைப் பெருக்கும் லேம்ப் என்ற முறையை 2000இல் ஜப்பானியர் வெளியிட்டார்கள். சூடாக்கி ஆற்றும் இயந்திரம் இல்லாமலே, குழாயில் நிறம் மாறுவதையோ கலங்குவதையோ வெறும் கண்ணால் பார்த்து விடை சொல்லலாம். மாட்டு ஒட்டுண்ணிகளுக்கும் இந்த முறையை ஆய்வாளர்கள் வடிவமைத்திருக்கிறார்கள். இது சாவடிக்கும் ஊர் மருத்துவமனைக்கும் வந்து சேரும் வரை, புதிய மாட்டை மூன்று நான்கு வாரம் தனிக்கொட்டிலில் கட்டி, உண்ணியை நீக்கி, மாட்டுக்கு ஒரு புது ஊசி என்று வைத்துக்கொள்வதுதான் வழி. முதல் சோதனையில் ‘இல்லை’ என்று வந்த சினைமாட்டுக்கு ஈனுவதற்கு முன் இன்னொரு தடவை ரத்தம் எடுக்க வேண்டும். இரண்டு சோதனைக்கும் இடையே இரண்டு மூன்று வாரம் இருக்கட்டும். முதலாவது இறக்கத்தில் பட்டிருந்தால் இரண்டாவது ஏற்றத்தில் படக்கூடும்.